ஊர்க்காற்றும் மதர்போர்டின் ஆயுளும்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்பவரை அதிகம் சோதிக்கும் பாகம் மதர்போர்டுதான். ரேம் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் கெட்டால் அதன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். மதர்போர்டு கெடும்போது மட்டும் வேறு ஏதோ கெட்டதுபோலவே தோன்றும். காலையில் ஒழுங்காக ஓடும், மாலையில் வேலைக்கு நடுவே நின்றுவிடும். ஒருநாள் யுஎஸ்பி வேலை செய்யாது, மறுநாள் தானாகவே சரியாகிவிடும். மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து, எதிலும் குற்றமில்லை என்றான பிறகே "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு வருகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்களான திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களிலிருந்து நகரின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களை வாங்கிவந்து கட்டுபவர்களுக்கு இந்தத் தீர்ப்போடு சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: போர்டின் ராசி சரியில்லை, ஏரியாவில் கரண்ட் சரியில்லை, கட்டியவர் கை சரியில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவை விட்டுவிடும் நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது, அதற்கான அறிவியல் சான்றுகளும் நிறையவே இருக்கின்றன. மதர்போர்டின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிப்பவை அது இருக்கும் அறையின் வெப்பமும் அந்த அறையின் காற்றும். நம் கைக்கு வரும் போர்டு நம் அறையைப் போன்ற ஓர் அறையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதா என்ற கேள்வியை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

முதலில் மதர்போர்டு என்பது ஒற்றைப் பொருளே இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணாடி நார்த் துணியையும் எபாக்ஸி பிசினையும் அழுத்திச் செய்த பலகைக்குள் நான்கோ ஆறோ எட்டோ அடுக்குகளாகத் தாமிரத் தடங்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும், மின்னழுத்தத்தை இறக்கித் தரும் மாஸ்ஃபெட்டுகளும் சுருள்களும், சிப்செட்டும், பயாஸ் சிப்பும், பல வகைச் சாக்கெட்டுகளும் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. 12 வோல்ட்டாக வரும் மின்சாரத்தை பிராசசருக்குத் தேவையான ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்குவது இந்தப் பலகையின் வேலை. 125 வாட் இழுக்கும் பிராசசருக்கு 1.25 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 100 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு வீட்டின் எல்லா விளக்குகளும் மின்விசிறிகளும் சேர்ந்தாலும் இழுக்காத அளவு மின்னோட்டம் உள்ளங்கை அகலத்துக்குள் ஓடுகிறது. இத்தனை உறுப்புகளில் முக்கியமான ஒன்று விழுந்தாலும் பலகை முழுவதும் விழுகிறது. இதன் கணக்கு எளியது. 1,500 உறுப்புகளும் இணைப்புகளும் கொண்ட ஒரு பலகையில், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்துக்குக் கெடாமல் இருக்கும் வாய்ப்பு 99.999 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பலகை முழுவதும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 98.5 சதவீதம். ஒவ்வொன்றின் தரமும் 99.99 சதவீதத்துக்கு இறங்கினால் பலகையின் வாய்ப்பு 86 சதவீதத்துக்கு வந்துவிடும். தனி உறுப்பில் கண்ணுக்கே தெரியாத சரிவு, பலகையின் அளவில் ஏழில் ஒன்று பழுதாவதாக மாறுகிறது. வெப்பமும் காற்றும் செய்வது இந்தச் சிறு சரிவைத்தான்.

ஓர் உறுப்பின் சரிவு பலகை முழுவதையும் வீழ்த்தும் என்பதற்கு வரலாறு தந்த மிகத் தெளிவான சான்று, 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் மதர்போர்டுகளைத் தாக்கிய கெபாசிட்டர் கொள்ளைநோய். நம் ஊர்க் கடைகளில் இன்றும் "கெபாசிட்டர் உப்பிடுச்சு" என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு பரவலானது அந்தக் காலத்தில்தான். அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் என்பது ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத் தகட்டைத் தாளோடு சுருட்டி, மின்கடத்தும் திரவத்தில் ஊறவைத்து, சிறு உருளைக்குள் அடைத்தது. விலை குறையவும் மின்தடை குறையவும் அந்தத் திரவத்தில் நீரின் பங்கைக் கூட்டினார்கள். நீர் அலுமினியத்தோடு வினைபுரியும். அப்போது அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். இதைத் தடுக்கச் சில வேதிப்பொருள்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். தைவானில் செய்யப்பட்ட பல கெபாசிட்டர்களின் திரவத்தில் அந்தத் தடுப்பு குறைபட்டிருந்தது. உருளைக்குள் ஹைட்ரஜன் சேர்ந்தது, மேல்மூடி உப்பியது, வெடித்துப் பழுப்பாகக் கசிந்தது. கெபாசிட்டர் உப்பும் சிக்கலில் பெயர் தெரியாத மலிவுப் போர்டுகள் மட்டும் சிக்கவில்லை. டெல்லின் ஆப்டிபிளக்ஸ், ஆப்பிளின் ஐமேக் ஜி5 ஆகியவையும் சிக்கின. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய சுமார் 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களில் இந்த அபாயம் இருந்ததும், சில மாடல்களில் மூன்றாண்டுக்குள் 97 சதவீதம் வரை பழுதாகலாம் என்ற கணிப்பு நிறுவனத்தின் கையிலேயே இருந்ததும் ஒரு வழக்கின் ஆவணங்கள் வழியாக 2010இல் வெளிவந்தன.

அந்த ஆவணங்களை வைத்து அப்போது வெளிவந்த செய்தியில், இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு எண்களைவிட முக்கியமான ஒரு விவரம் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக நின்றுபோனபோது, கடினமான கணக்குகளைப் போடவைத்து இயந்திரங்களைச் சிரமப்படுத்தியதே காரணம் என்று டெல் தரப்பிலிருந்து அவர்களுக்கு விளக்கம் தரப்பட்டது. கணக்குப் போடுவதற்கென்றே இருக்கும் இயந்திரம், கணக்குப் போட்டதால் கெட்டதாம்! பழுதின் காரணம் எழுதிவைக்கப்படாத இடத்தில் பழி எப்போதும் பயன்படுத்துபவர் மேல்தான் விழும். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை என்றால், பூந்தமல்லியில் ஒரு பிரவுசிங் சென்டரோ திருமழிசையில் ஒரு கல்லூரி மாணவரோ வாரண்டி கவுன்டரில் நிற்கும்போது எதை வைத்து வாதாடுவார்? ராசி, கரண்ட், கை என்ற மூன்று விளக்கங்களும் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் அவை சரியானவை என்பதால் அல்ல. மறுக்கத் தேவையான பதிவுகள் யாரிடமும் இல்லை என்பதால்தான்.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். வெப்பநிலை ஏற ஏற வேதிவினையின் வேகம் எந்த விகிதத்தில் ஏறும் என்பதை ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889இல் ஒரு சமன்பாடாக எழுதினார். அதன் நடைமுறை வடிவத்தைக் கெபாசிட்டர் துறை இன்றும் பயன்படுத்துகிறது: எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். உருளையின் பக்கத்தில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாங்கும் ஒரு கெபாசிட்டர், 25 டிகிரி ஏசி அறையில், பக்கத்திலுள்ள உறுப்புகளின் சூட்டையும் சேர்த்து 65 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரி குறைவு, ஆகவே நான்கு இரட்டிப்பு: 32,000 மணி நேரம். அதே கம்ப்யூட்டரை மொட்டை மாடிக்கு நேர்கீழே, மே மாதத்தில் 38 டிகிரி தொடும் அறைக்கு மாற்றுங்கள். கெபாசிட்டர் 78 டிகிரிக்குப் போய்விடும், ஆயுள் சுமார் 13,000 மணி நேரம்தான். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் கடையில் இது ஏறக்குறைய மூன்று ஆண்டு. மதர்போர்டுக்குப் பொதுவாகத் தரப்படும் வாரண்டியும் மூன்று ஆண்டு. ஆண்டு முழுவதும் 38 டிகிரி இருப்பதில்லை என்பதால் இது மோசமான பக்கத்துக் கணக்கு, உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்கும். ஆனாலும் திருமழிசையை, வானிலை நிலையம் இருக்கும் நுங்கம்பாக்கம்போல எண்ணிக் கணக்குப் போட முடியாது. கடற்காற்று கரையிலிருந்து உள்ளே வர நேரம் எடுக்கும், மேற்குப் புறநகருக்கு அது பிந்தியே வந்து சேரும். கடலுக்கு அருகிலிருக்கும் நுங்கம்பாக்கத்திலேயே 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. காங்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடும், வீட்டில் கம்ப்யூட்டர் அதிகம் ஓடுவதும் இரவில்தான்.

இங்கே விவரம் தெரிந்த வாசகர் ஒரு மறுப்பு வைப்பார். இப்போது வரும் போர்டுகளில் திரவக் கெபாசிட்டரே இல்லையே, எல்லாம் திட பாலிமர்தானே, பழைய கதையை ஏன் சொல்ல வேண்டும்? மறுப்பு நியாயமானது. அந்தக் கொள்ளைநோய்க்குப் பிறகு துறை உண்மையிலேயே திருந்தியது. பாலிமர் கெபாசிட்டரில் உலரவோ கசியவோ திரவம் இல்லை. 20 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் பத்து மடங்காகும் என்பது துறையின் கணக்கு. ஆகவே 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்குவது 65 டிகிரியில் 2 லட்சம் மணி நேரம் தாங்கும். பிராசசரைச் சுற்றியிருந்த பழைய பலவீனம் இதனால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அந்தப் போர்டுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பெரிய திரவக் கெபாசிட்டர்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. 12 வோல்ட் தடத்தின் மேல் ஏறும் அலைவு 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று ஏடிஎக்ஸ் விதி சொல்கிறது. கெபாசிட்டர் உலர உலர அந்த அலைவு கூடுகிறது, அதன் சுமை முழுவதும் போர்டின் மேல் இறங்குகிறது. தரச்சான்று பார்த்துத்தானே வாங்கினோம் என்று கேட்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பலரும் பார்க்கும் 80 பிளஸ் சான்று மின்சாரச் சிக்கனத்தை அளப்பது, ஆயுளை அளப்பதல்ல. அந்தச் சோதனையும் 23 டிகிரியைச் சுற்றிய அறை வெப்பத்தில்தான் நடக்கிறது. சித்திரை மாதத்துத் திருமழிசை அந்தச் சோதனைக்கூடத்துக்குள் ஒருபோதும் நுழைந்ததில்லை.

வெப்பத்தைவிட அதிகம் கவனிக்கப்படாதது காற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடைசெய்தது. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளும் பின்னர் அதே வரம்பை ஏற்றன. இந்தத் தடை சரியான முடிவு. பழைய பலகைகளைச் சூடாக்கிப் பிரித்தெடுக்கும் தொழிலில் காரீயப் புகையை முதலில் சுவாசித்தவர்கள் ஏழைத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு பக்க விளைவு இருந்தது. அதுவரை பலகையின் தாமிரத் திட்டுகளை மூடிக் காப்பாற்றியது காரீயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு. அதன் இடத்தில் பல பலகைகளுக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சும் கரிமப் பூச்சும் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில், காற்று மாசுபட்ட இடங்களில் மின்னணுப் பலகைகள் கெடுவது கூடியது. 2013 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வைப் பற்றி வந்த செய்தி நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கெட்டுப்போன மதர்போர்டுகள் வழக்கத்துக்கு மாறான அளவில் திரும்பி வருவதைக் கவனித்த அவர்களின் பொறியாளர்கள், தாமிரத் தடங்கள் அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். காரணம் காற்றிலிருந்த கந்தகம். மாசுபட்ட காற்றை உள்ளே நிரப்பி பலகைகளைச் சோதிக்கத் தனி அறை ஒன்றையே அவர்கள் கட்டினார்கள். உலகின் பெரிய சிப் நிறுவனமே நம் ஊர்க்காற்றைச் சோதனைக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் சோதனைகள் எந்தக் காற்றில் நடந்தன என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதன் வேதியியல் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். பீரோவில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகிறது. அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. கொலுசைத் தேய்த்துக் கழுவிவிடலாம். மதர்போர்டில் அதே வினை தாமிரத்திலும் நடக்கிறது, உண்டாகும் தாமிர சல்ஃபைடு பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை. ஈரப்பதம் கூடும்போது பலகையின் மேல் மெல்ல ஊர்ந்து பரவுகிறது. மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும் இரண்டு தடங்களை அது இணைத்துவிட்டால், போகக் கூடாத வழியில் மின்சாரம் போகும். ஈரமான நாளில் இணைப்பு கடத்தும், காய்ந்த நாளில் கடத்தாது. ஒருநாள் ஓடி ஒருநாள் ஓடாமல் போகும் போர்டுகள் சிலவற்றுக்கு இது போதுமான விளக்கம். சிறு ரெசிஸ்டர்களின் முனையிலுள்ள வெள்ளியைக் கந்தகம் தின்றுவிட்டால் எதிர்மாறாக, ஓட வேண்டிய மின்சாரம் நின்றுபோகும். இதை அளக்க ஐஎஸ்ஏ 71.04 என்ற தர விதி இருக்கிறது.  சுத்தமான தாமிரத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் அறையில் ஒரு மாதம் தொங்கவிட்டு, எவ்வளவு தடிமனுக்கு அரிப்புப் படலம் படிந்தது என்று அளப்பார்கள். மாதத்துக்குத் தாமிரத்தில் 30 நானோமீட்டருக்கும் வெள்ளியில் 20 நானோமீட்டருக்கும் உள்ளே இருந்தால்தான் மின்னணுக் கருவிகளுக்கு அந்த அறை பாதுகாப்பானது. ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு வரம்பு காற்றின் நூறு கோடிப் பங்கில் மூன்று பங்கு. அழுகிய முட்டை வாடை நம் மூக்குக்குத் தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். வாடை நன்றாகத் தெரிகிற இடத்தில் போர்டுக்கு ஆபத்து தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

திருமழிசையைச் சுற்றிப் பார்த்தால் கந்தகத்துக்கு வழிகள் பல. ஊரிலேயே சிட்கோ தொழிற்பேட்டை. வடகிழக்கே 1960களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஊரை ஒட்டி லாரிகள் இரவும் பகலும் ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலை. வடக்கே ஓடும் கூவம், பருத்திப்பட்டு, திருவேற்காடு வரை வரும்போது சாக்கடை கலந்து நிறம் மாறிவிடுகிறது. டீசலில் கந்தகத்தைத்தான் குறைத்துவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 எரிபொருள் வந்து, பத்து லட்சம் பங்கில் 50 பங்காக இருந்த வரம்பு 10 ஆகக் குறைந்தது. இது பெரிய நன்மை. ஆனால் வெள்ளியையும் தாமிரத்தையும் மிக வேகமாகத் தாக்குவது வண்டிப் புகையின் கந்தக டையாக்சைடைவிட, தேங்கிய சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். அதை எந்த எரிபொருள் விதியும் தொடுவதில்லை. இதே காற்றில்தானே டிவியும் செல்போனும் இருக்கின்றன, அவை ஏன் இப்படிச் சாவதில்லை என்பது இன்னொரு நல்ல மறுப்பு. விடை மின்விசிறியில் இருக்கிறது. செல்போன் ஏறக்குறைய மூடிய பெட்டி, அதற்குள் காற்று ஓடுவதில்லை. கம்ப்யூட்டர் கேபினெட்டில் ஒரு நடுத்தர விசிறியே மணிக்குச் சுமார் 60 கன மீட்டர் காற்றைத் தள்ளும். பத்துக்குப் பத்து அறையின் மொத்தக் காற்று 28 கன மீட்டர்தான். அறையின் காற்று முழுவதும் மணிக்கு இரண்டு முறை அந்தப் பலகையின் மேல் ஓடி, சூட்டை எடுத்துக்கொண்டு, தூசியையும் கந்தகத்தையும் விட்டுச்செல்கிறது. நல்ல குளிர்ச்சி வேண்டும் என்று விசிறிகளைக் கூட்டக் கூட்ட, வெப்பத்திலிருந்து தப்பிக் காற்றிடம் மாட்டிக்கொள்கிறோம். வடிகட்டி வலை தூசியைக் குறைக்கும், வாயுவைத் தடுக்காது.

அப்படியானால் விலை உயர்ந்த போர்டாக வாங்கிவிட்டால் போயிற்று என்பவர்கள் உண்டு. விலை கூடினால் தாமிரம் தடிக்கும், ஹீட் சிங்க் பெரிதாகும், நல்ல மாஸ்ஃபெட்டுகள் வரும். இவை பயனுள்ளவை. ஆனால் நம்பகத்தன்மை விலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதற்கு மூன்று சான்றுகள் போதும். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் குறை இருப்பதாக அறிவித்தது. ஒரே ஒரு டிரான்சிஸ்டருக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் சாட்டா போர்ட்டுகள் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் நிலை. பழுது நீக்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று அந்த நிறுவனமே கணக்கிட்டது. அந்தச் சிப்செட் மலிவுப் போர்டிலும் இருந்தது, விலையுயர்ந்த போர்டிலும் இருந்தது. 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகின. நினைவக வேகத்தைக் கூட்டும் அமைப்பைப் போட்டால் போர்டுகளின் பயாஸ் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்தது காரணம். 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி புதிய பயாஸ் பின்னர் வந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் தடுமாறியபோதும் கூடுதல் மின்னழுத்தமே முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது, போர்டுகளின் தாராளமான இயல்பு அமைப்புகளும் அதில் பங்கு வகித்தன. இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. வேகப் போட்டியில் முன்னால் நிற்கத் தயாரிப்பாளர்கள் மின்னழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், அதனால் வரும் சூடு வாங்குபவரின் அறையில் இறங்குகிறது. 25 டிகிரி அறைக்கு அது ஒரு சுமை, 38 டிகிரி அறைக்கு இன்னும் பெரிய சுமை.

கட்டியவர் கையைக் குறை சொல்லும் வாதத்தையும் எடைபோட வேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும் என்பது மெய். ஆனால் அது ஈரப்பதத்தைப் பொறுத்தது. வினைல் தரையில் நடப்பவர் உடலில் 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் 12,000 வோல்ட் வரை சேரலாம், 65 முதல் 90 சதவீதத்தில் அதே நடைக்கு 250 வோல்ட்தான் என்பது இத்துறையில் நெடுநாளாகப் பயன்படும் அட்டவணை. குளிரில் காய்ந்த நாடுகளில் எழுதப்பட்ட எச்சரிக்கையை, ஆண்டு முழுவதும் வியர்க்கும் சென்னையில் நடக்கும் எல்லாப் பழுதுகளுக்கும் காரணமாக்க முடியாது. கையால் வரும் பெரிய சேதம் வேறிடத்தில் இருக்கிறது. 2004இல் இன்டெல் பிராசசரின் கம்பிகளை எடுத்து மதர்போர்டின் சாக்கெட்டில் வைத்தது. இன்று ஒரு சாக்கெட்டில் 1,700 முடிமெல்லிய கம்பிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு போகலாம், அதற்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. இந்தப் பொறுப்பைக் கட்டுபவர் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் சாக்கெட் கம்பி வளைந்த போர்டு பெரும்பாலும் முதல் நாளே காட்டிவிடும். இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடிப் பிறகு தடுமாறும் போர்டுக்குக் கட்டியவர் கையைப் பழிப்பதில் நியாயமில்லை.

கரண்ட் மேல் சொல்லப்படும் குற்றத்தில் இவற்றைவிட அதிக உண்மை இருக்கிறது, அதிலும் முக்கியமான பகுதியை விட்டுவிட்டுப் பேசுகிறோம். மின்வெட்டையும் ஏற்ற இறக்கத்தையும் எல்லோரும் சொல்வார்கள். எர்த்திங் பற்றிப் பேசுபவர் குறைவு. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் மூன்றாவது பின்னோடு இணைந்திருக்கும். சுவரில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி எங்கும் போய்ச்சேராத வீடுகளில், அந்த இரண்டும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்து கேபினெட்டின் மேல் வைத்துவிடும். தொட்டால் சுரீர் என்பது அதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் மானிட்டர் கேபிளையோ நெட்வொர்க் கேபிளையோ ஓடும் கம்ப்யூட்டரில் செருகும் கணத்தில் அது போர்ட்டுகளின் வழியே போர்டுக்குள் பாய்கிறது. ஆகவே கரண்ட் சரியில்லை என்பவர் ஏரியாவை நோக்கிக் கை காட்டும் முன் தன் வீட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தீர்வில்லாத சிக்கல்கள் என்று எண்ண வேண்டாம். ராணுவ வாகனங்கள், கார்கள், தொழிற்சாலை இயந்திரங்கள் ஆகியவற்றுக்குள் போகும் மின்னணுப் பலகைகளின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற மெல்லிய பிசின் படலம் பூசுவது பல பத்தாண்டு வழக்கம். ஈரமும் கந்தகமும் தாமிரத்தைத் தொட அந்தப் படலம் விடாது. டாங்கி கட்டும் ஆவடியும், மின்னணு ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரும் திருமழிசைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. பலகை எங்கே வேலை செய்யப்போகிறது என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அதற்கேற்பப் பலகையைச் செய்யும் முறை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வாங்கும் மதர்போர்டுக்கு மட்டும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. எல்லாப் போர்டுக்கும் பூச்சு போட்டால் விலை கூடும், பழுதுபார்ப்பதும் கடினமாகும் என்பது சரி. ஆனால் எத்தனை டிகிரி அறைக்கு, எந்த அளவு அரிப்புள்ள காற்றுக்கு இந்தப் போர்டு சோதிக்கப்பட்டது என்று பெட்டியின் மேல் இரண்டு வரி அச்சிட அதிகம் செலவாகாது. நினைவக வேகத்தைப் பெரிய எழுத்தில் போட இடம் இருக்கிற பெட்டியில் இதற்கும் இடம் இருக்கும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த உரிமை பேசப்படும் இடங்களில் இந்த இரண்டு வரியையும் கேட்க வேண்டும்.

அதற்குக் காத்திராமல் இங்கேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பூந்தமல்லி, ஆவடி, திருமழிசை சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் பல. ஒரு தாமிரத் தகடு, ஒரு வெள்ளித் தகடு, ஒரு மாதம்: இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுக்குத் தகுந்த வேலை இது. நெடுஞ்சாலை ஓரம், தொழிற்பேட்டை, கூவத்தின் கரை, ஏரிப் பக்கம் என்று இடம்விட்டு இடம் தொங்கவிட்டால், எந்தத் தெருவில் மதர்போர்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு முதல்முறையாக ஓர் உள்ளூர் வரைபடம் கிடைக்கும். சர்வீஸ் கடைக்காரர்கள் வரும் ஒவ்வொரு போர்டுக்கும் எந்த ஊர், எந்த மாடி, ஏசி உண்டா, எத்தனை மாதம் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்தால் அந்த வரைபடத்துக்கு உயிர் வரும். சொந்தமாகக் கட்டுபவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த முறை போர்டு கெட்டால் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தையும் சிறு ரெசிஸ்டர்களின் முனைகளையும் பாருங்கள். கறுப்பு ஊர்ந்திருந்தால் படம் எடுத்து, அந்தப் படத்தையும் அறையின் வெப்பநிலையையும் வாரண்டி மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.